கமுதியிலிருந்து கப்பலில் வந்த பந்தக்கால்

அன்பும் பிடிவாதமும் ஒரே அளவில் கொண்ட என் சம்பந்தியம்மா தைலம்மை அவர்களுக்கு,

நீங்கள் போய் வருகிற மாசியோடு ஒரு வருஷம் ஆகப் போகிறது. போன இடத்தில் தண்ணீர் எப்படி இருக்கிறது? உப்பாக இருந்தால் இதற்குள் அங்கேயும் கரையோரமாக எதையாவது நட்டிருப்பீர்கள். அங்குள்ளவர்கள் தடுத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்திருப்பார்கள்.

தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, பொங்கல் மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இந்த வட்டாரத்தில் அஞ்சாவது வரை படித்த பெரிய பொம்பளை நான்தான் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நீங்கள் இல்லாத நேரத்தில் உங்களைப் பற்றி எழுதினால் அது புறணி ஆகிவிடும். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ளட்டும்.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு மறக்கவில்லை. வேதாரண்யத்திலிருந்து உங்கள் தம்பி போடும் கடிதங்களை எல்லாம் நான்தானே படித்துச் சொன்னேன். அங்கே பக்கத்தில் யாராவது அஞ்சாவது படித்தவள் இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் வாசிப்பை மட்டும் என் முன்னால் புகழ வேண்டாம்.

முதலில் நல்ல சேதி. நம் பேத்தி சாந்திக்கு இடம் முடிவாகிவிட்டது. பெரார்கஞ்சு மாப்பிள்ளை. மின்சார ஆபீசில் வேலை. பையன் தங்கம். தாயார்தான் கொஞ்சம் அந்தக் காலத்து என்னை மாதிரி இருக்கிறாள். அந்த அம்மாளால் ஒரு வில்லங்கம் வந்திருக்கிறது. அது என்ன என்று சொல்வதற்கு முன்னால் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதே.

நாங்கள் கப்பலேறி அந்தமானுக்கு வந்து வண்டூர்ப் பக்கம் நிலம் கிடைத்தபோது நீங்கள் ஏற்கெனவே பக்கத்துக் கொல்லையில் குடிசை போட்டிருந்தீர்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. கிணற்றுக்கு மேற்கே முப்பது நடையில் கடல். கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவே தாழை, புன்னை, பூவரசு, பேர் தெரியாத கொடி என்று கால் வைக்க இடமில்லாமல் ஒரு கரைக்காடு நின்றது.

எங்கள் கமுதியில் மரம் என்றால் கருவேலம். புதர் என்றால் பாம்பு. இரண்டையும் கண்டால் அரிவாளை எடுப்பதுதான் எங்கள் வளர்ப்பு. வந்த ஒரு மாதத்துக்குள் என் வீட்டுக்காரரைக் கொண்டு அந்தக் காட்டில் இரண்டு வண்டி அகலத்துக்கு ஒரு சந்து வெட்ட வைத்தேன். எதற்கு? வாசலில் உட்கார்ந்தபடியே மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பலைப் பார்க்கலாம் என்று. கப்பல் கிழக்கே போர்ட்பிளேயருக்குத்தான் போகும், எங்கள் வாசல் மேற்கே பார்த்தது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆறு மாதமும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சந்து வெட்டியதோடு நின்றேனா? மணலில் படர்ந்த அடும்புக்கொடியை எல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, அலை தொடும் இடம் வரைக்கும் கூட்டிப் பெருக்கினேன். வாசல் என்றால் சுத்தமாக இருக்க வேண்டாமா? கடல்வரைக்கும் என் வாசல்தான் என்று எனக்கு நினைப்பு. ஒரு மார்கழியில் அங்கே கோலம்கூடப் போட்டேன். அலை வந்து பார்த்துவிட்டுப் போனது.

அடுத்த மழைக்காலம் மேற்கேயிருந்து காற்று கிளம்பியது. அந்தச் சந்து வழியாக உப்புச் சாரல் நேரே வந்து என் கத்தரிச் செடியை எல்லாம் தீய்த்தது. மணல் வீட்டுக்குள் வந்து சோற்றுப் பானையில் உட்கார்ந்தது. ஆடி அமாவாசைக்கு அலையே வந்து கிணற்றடியைத் தொட்டுவிட்டுப் போக, இரண்டு மாதம் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. நீங்கள் குடத்தோடு கிணற்றடியில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"கடலுக்கு வாசக்கதவு வச்சுக் குடுத்துட்டீங்களே. அது வந்து குந்திக்கிட்டு காப்பித்தண்ணி கேக்காம இருந்தா சரி."

நான் பதிலுக்கு, "எங்க ஊருல தண்ணிதான் இருக்காது. உப்பு கரிக்கிற தண்ணிய ஒங்க ஊருலதான் வச்சிருக்கீக" என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கவில்லை. பெரிய மனசு.

அப்படிச் சண்டை போட்டுக்கொண்ட நாம் எப்படிச் சம்பந்தி ஆனோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊரில் இருந்திருந்தால் கமுதிக்காரியும் வேதாரண்யத்துக்காரியும் ஒரே பந்தியில்கூட உட்கார்ந்திருக்க மாட்டோம். உங்கள் மகன் செல்வராசும் என் மகள் முத்துமாரியும் அந்த ஒற்றைக் கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தார்கள். வேறு கிணறு இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

கல்யாணம் என்று ஆனதும் எனக்குப் பிடித்துக்கொண்ட கவலை பந்தக்கால். எங்கள் வழக்கத்தில் முள்முருங்கைக் கம்பைத்தான் பந்தக்காலாக நடுவோம். கல்யாண முருங்கை என்று பேரே இருக்கிறதே. கல்யாணம் முடிந்ததும் அதே கம்பைக் கொண்டுபோய் மண்ணில் ஊன்றுவோம். அது துளிர்த்தால் பிள்ளைகள் வாழ்க்கை துளிர்க்கும். காய்ந்தால் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். அதுதான் பயம்.

இந்தத் தீவில் முள்முருங்கைக்கு எங்கே போவது? கமுதியில் இருந்த என் அண்ணனுக்கு எழுதிப் போட்டேன். ஆள் உயரத்துக்கு ஒரு கம்பு, ஈரச்சாக்கில் சுற்றி, கப்பலில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னேன். அண்ணனும் அனுப்பினார். கமுதியிலிருந்து மெட்ராஸ், மெட்ராஸிலிருந்து நாலு நாள் கப்பல், அங்கிருந்து லாரியில் வண்டூர். கூடவே ஒரு துண்டுக் காகிதம். "கம்பு அனுப்பியிருக்கிறேன். காடு காடு என்று எழுதினாயே, அங்கே மரம் கிடையாதா?" என்று எழுதியிருந்தார்.

சாக்கைப் பிரித்தபோது நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். கம்பைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு என் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனீர்கள். பத்து நடைதான் இருக்கும். நான் வெட்டின சந்துக்கு ஓரத்தில், இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உச்சியில் சிவப்புப் பூவோடு நின்றது ஒரு மரம். ஒன்றல்ல, வரிசையாக நாலைந்து.

"இது என்னங்க?" என்றீர்கள்.

நான் பட்டையைத் தொட்டேன். முள் குத்தியது.

"ஒங்க பசுமாடு தெனம் இதுலதான் முதுகு சொறிஞ்சுக்குது. அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

முள்முருங்கைதான். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், அந்தக் கரைக்கே சொந்தமாக நின்றது. சந்து வெட்டியபோது நானே இரண்டை வெட்டி விறகாக்கியிருக்கிறேன். ஆனால் நாலு நாள் கப்பலில் வந்த கம்பை வைத்துக்கொண்டு நான் எப்படித் தோற்பது?

"அது காட்டு மரம். இது கமுதி மரம்" என்றேன்.

"மரத்துக்கு ரேசன் கார்டா குடுத்துருக்காங்க, ஊர் பேரு எழுத?"

"எங்க வீட்டுப் பொண்ணுக்கு எங்க மண்ணுல வெளஞ்ச கம்புதான் நிக்கணும்."

"நிக்கட்டும். நிக்கிறது பெருசு இல்ல. துளிர்க்கணும்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

கல்யாணம் கமுதிக் கம்பில்தான் நடந்தது. நுனியில் மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டி, மஞ்சள் பூசி, குழியில் நவதானியமும் பாலும் விட்டு நட்டோம். வந்தவர்களிடம் எல்லாம் கப்பல் கதையைச் சொன்னேன். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் அதை எங்கே ஊன்றுவது என்று பேச்சு வந்தபோது, நீங்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னீர்கள்: "அந்தச் சந்துலயே ஊனிடுவோமே. அங்கதான் வேற ஒண்ணும் இல்ல." அப்போது எனக்குச் சூது தெரியவில்லை.

பத்தாம் நாள் உங்கள் வீட்டில் சம்பந்தி விருந்து. எண்ணெய் தேய்த்து விட்டீர்கள். அண்டாவில் வெந்நீர் போட்டு ஊற்றினீர்கள். அடுப்புப் புகையில் கண் எரிந்தது என்பதைத் தவிர அந்தக் குளியலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எட்டிப் படிக்கிறவர்கள் இந்தக் குளியலை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

கம்பு துளிர்க்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடி பார்க்க மாட்டேன், கம்பைப் பார்ப்பேன். சித்திரையில் முதல் மழை பெய்த மூன்றாம் நாள் கணுவுக்குக் கணு பச்சை விட்டது. நான் கிணற்றடியில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "பாத்தீகளா? கமுதி மண்ணுத் தெம்பு. கடலத் தாண்டி வந்தும் துளிர்க்குது. இந்தக் காட்டு மரம்லாம் அதுகிட்ட நிக்க முடியுமா?" நீங்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "முடியாதுங்க, முடியாது" என்றீர்கள். அண்ணனுக்கு மூன்று பக்கம் எழுதினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நம் இரண்டு வீட்டைத் தவிர யாரும் செய்திருக்க மாட்டார்கள். செல்வராசுக்கும் முத்துமாரிக்கும் முதல் சண்டை கருவாட்டில் வந்தது. உங்கள் வீட்டில் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது, என் மகளுக்கு அந்த வாடை ஆகாது. அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். நான் பதறிப் போய் கமுதி மரத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்துச் சந்தில் ஊன்றினேன். ஒரு கால் போதவில்லை போலிருக்கிறது, இன்னொன்று கூட நிற்கட்டும் என்று. திரும்பிப் பார்த்தால் நீங்கள் ஒரு தாழைக் கன்றோடு நிற்கிறீர்கள்.

"ஒங்க பங்குக்கு நீங்க நட்டீங்க. எங்க பங்குக்கு நாங்க நட வேணாமா?"

சாயங்காலம் அவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள். நட்டதைப் பிடுங்கவா முடியும்? அடுத்த சண்டை டிரான்சிஸ்டரில். அதற்கு ஒரு முள்முருங்கைக் கிளை, ஒரு புன்னங்கொட்டை. அதற்கடுத்தது பசுவுக்கு யார் பேர் வைப்பது என்பதில். அதற்கு ஒரு முருங்கை, ஒரு பூவரசுப் போத்து. ஏழு வருஷத்தில் பதினோரு பெரிய சண்டை. சின்னச் சண்டைக்கு நான் நடவில்லை. நீங்கள் அதற்கும் நட்டீர்கள்.

நடும்போதும் உங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எதை எங்கே நட வேண்டும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அலைப்பக்கம் அடும்பு படரட்டும், இழுக்காதீங்க என்பீர்கள். அதற்குப் பின்னால் குத்துச்செடி, அதற்குப் பின்னால் தாழை, கடைசியில்தான் புன்னையும் பூவரசும். "போட்டோ புடிக்கிற மாதிரிங்க. சின்னப் புள்ளைங்க முன்னால குந்தணும். பெரியவங்க பின்னால நிக்கணும். மாத்தி நிறுத்துனா ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது" என்றீர்கள். நீங்கள் சொன்ன வரிசையில் நின்ற பிறகுதான் மணல் தன் இடத்திலேயே இருந்தது. கிணறு இனித்தது. என் கத்தரி காய்த்தது. நான் வாசல் பெருக்குவதைக் கொல்லை வேலியோடு நிறுத்திக்கொண்டேன். இதை நான் உங்களிடம் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பாபு வந்தது அதற்கப்புறம். ஞாபகம் இருக்கிறதா? சங்கிலியும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு நிலம் அளக்க வந்த வடக்கத்தி பாபு. கரைக்காட்டை முழுசாக வெட்டி, நேர் வரிசையில் தென்னை வைக்கப் போவதாகச் சொன்னார். திங்கட்கிழமை ஆட்களோடு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான். தென்னை என்றால் யாருக்குக் கசக்கும்? நீங்கள் ஒரு வார்த்தைதான் சொன்னீர்கள்.

"தென்ன நிக்கும். அடியில மணலு நிக்காது. அப்புறம் கெணத்துல உப்பு அள்ளலாம், கருவாடு போட ஆவும்."

ஆம்பளைகள் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். பாபு டீ வாங்கிக் கொடுத்தாராம், நல்ல மனுஷனாம். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் மஞ்சள் கயிற்றுக் கண்டு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். "சம்பந்தி, ஒங்க படிப்பு இன்னைக்குத்தான் வேணும்" என்றீர்கள். அந்த வார்த்தைக்காக நான் எதுவும் செய்திருப்பேன். ஊரில் இருந்த பால்பவுடர் டப்பா மூடி அத்தனையும் சேர்த்தோம். சுண்ணாம்பைக் குழைத்து, ஒவ்வொரு மூடியிலும் ஒரு ஜோடியின் பேர் எழுதினேன். நீங்கள் ஒவ்வொரு மரத்திலும் மஞ்சள் கயிறு சுற்றி மூடியைக் கட்டினீர்கள். வெட்ட வருகிறவனிடம் மரம் என்று சொன்னால் வெட்டுவான், பந்தக்கால் என்று சொன்னால் வெட்ட மாட்டான் என்பது உங்கள் கணக்கு.

ஊரில் இருந்தது பத்தொன்பது ஜோடி. கரையில் இருந்த பெரிய மரம் மட்டும் அறுபதுக்கு மேல். பேர் தீர்ந்ததும், "சாமிங்க பேரப் போடுங்க. அவங்களும் கல்யாணம் பண்ணுனவங்கதானே" என்றீர்கள். போட்டேன்.

திங்கட்கிழமை பாபு வந்தார். கோடாலியோடு எட்டு ஆட்கள். கூடவே ஒரு தமிழ்ப் பியூன். கரை முழுக்கத் தகரம் மினுங்குவதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"யே சப் க்யா ஹை, மாஜி?"

இதெல்லாம் என்ன என்று அவர் கேட்டதும், எல்லாம் கல்யாண மரம் என்று நீங்கள் உங்கள் கடைத்தெரு இந்தியில் சொன்னீர்கள். "ஷாதி, பாபு. சப் ஷாதி கா பேட்."

"இத்னா ஷாதி?" இத்தனை கல்யாணமா என்று அவருக்கு மலைப்பு.

"ஹா பாபு. இதர் தூஸ்ரா காம் க்யா ஹை?"

கல்யாணத்தை விட்டால் இங்கே வேறு என்ன வேலை என்று நீங்கள் கேட்டதும் கோடாலி ஆட்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பாபு பியூனிடம் மூடிகளைப் படிக்கச் சொன்னார். பியூன் ஒவ்வொன்றாகப் படித்தார். "செல்வராசு, முத்துமாரி. செல்வராசு, முத்துமாரி. இதுவும் செல்வராசு, முத்துமாரி." பன்னிரண்டு தடவை.

"ஒரே ஆளுக்கு எதுக்கு இத்தன கல்யாணம்னு சார் கேக்குறாரு" என்றார் பியூன்.

"கல்யாணம் ஒண்ணுதாங்க. சண்ட பதினொண்ணு" என்றீர்கள்.

அடுத்த மரம். "முருகன், வள்ளி." அதற்கடுத்தது. "முருகன், தெய்வானை." பாபு பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார். இந்த ஆள் சர்க்கார் வேலையில் இருக்கிறானா, இரண்டு கல்யாணம் செய்தால் வேலை போய்விடும் தெரியுமா என்று கேட்டார். பியூன் உதட்டைக் கடித்துக்கொண்டு அதைத் தமிழில் சொன்னார்.

நீங்கள் முகம் மாறாமல், "வேல ஒண்ணும் இல்லீங்க. மல மேல நிக்கிறாரு" என்றீர்கள்.

பியூன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுதியது நான் அல்லவா, வேலை போனால் எனக்குத்தானே பாவம்.

வெட்ட வந்த ஆட்கள் அதற்குள் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்கள். வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும்தான். யாராக இருந்தால் என்ன, எந்த ஊர்க்காரனுக்கும் கல்யாண மரம் என்றால் புரிகிறது. வேறு எது வேண்டுமானாலும் வெட்டுகிறோம், இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாபு கோபப்படலாமா என்று யோசித்துக்கொண்டே கிணற்றடியில் உட்கார்ந்தார். நீங்கள் ஒரு சொம்பு தண்ணீர் இறைத்துக் கொடுத்தீர்கள். குடித்துவிட்டுச் சொம்பைப் பார்த்தார். அவருடைய கேம்பில் இருந்த கிணறு உப்பாம். இங்கே கடலை ஒட்டியே எப்படி இனிக்கிறது என்று கேட்டார். நீங்கள் கரைக்காட்டைக் கையால் காட்டினீர்கள். பிறகு என்னைக் காட்டி, "இவங்க ஒரு தடவ தொறந்து பாத்தாங்க. கேளுங்க, சொல்லுவாங்க" என்றீர்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் என்னை விட்டிருக்கலாம். சொன்னேன். கத்தரி செத்தது, சோற்றில் மணல், கிணற்றில் உப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். பியூன் அதை இந்தியில் சொன்னார். பாபு எழுந்து, தானே முளைக்குச்சிகளைப் பிடுங்கிக் கிணற்றுக்குக் கிழக்கே கொண்டுபோய் அடித்தார். தென்னை அங்கேதான் வந்தது. இன்றைக்கும் நன்றாகக் காய்க்கிறது.

போகும்போது மெதுவாக உங்களிடம் வந்து, கப்பலுக்குப் பயந்து தன் பெண்சாதி வர மாட்டேன் என்கிறாள், தன் பேருக்கும் ஒரு கம்பு நட முடியுமா என்று கேட்டாரே. நீங்கள் ஒடித்துக் கொடுத்தீர்கள், அவரே நட்டார். ஆறு மாதத்தில் பெண்சாதி வந்து சேர்ந்தாள். கூடவே மாமியாரும் வந்துவிட்டாள். அதற்கு நாம் பொறுப்பில்லை.

இனிமேல் எழுதப் போவது எனக்குக் கஷ்டமானது.

போன மாசியில் போர்ட்பிளேயர் ஆஸ்பத்திரியில் நீங்கள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு படுத்திருந்தபோது, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள். பேத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போகிறீர்கள் என நினைத்து அழுவதற்குத் தயாராகக் குனிந்தேன்.

"சம்பந்தி, ஒங்க கமுதிக் கம்பு துளிர்க்கலங்க."

"என்ன சொல்றீக?"

"வரும்போதே செத்துதான் வந்துச்சு. சாக்குக்குள்ளயே காஞ்சுபோச்சு. ஊனுன ஏழாம் நாளு பாத்தேன், உள்ள பொக்கு. ஊரு பேசுமே, புள்ளைங்க மனசு கெடுமேன்னு, நம்ம கரையில நின்னதுலேருந்து அதே உசரத்துக்கு ஒண்ண வெட்டி, அதே குழியில, அதே மஞ்சத்துணியக் கட்டி வச்சுட்டேன்."

அப்புறம் கேட்டேன், அந்தக் கமுதிக் கம்பு என்ன ஆனது என்று.

"விருந்துக்கு வந்தீங்களே, வெந்நி போட்டேன். நீங்கதான் குளிச்சீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சூடு பத்தலங்க. பொகதான் ஜாஸ்தி" என்றீர்கள்.

சாகக் கிடக்கிறவளிடம் சண்டை போடக் கூடாது என்பார்கள். நான் போட்டேன். பதினெட்டு வருஷமா என்னை ஊர் முழுக்கப் பேச விட்டீர்களே, அண்ணனுக்கு எத்தனை கடிதம், எத்தனை பேர் முன்னால் கமுதி மண், கமுதி மண் என்று பீற்றிக்கொண்டேன், ஒரு நாள் காதோடு சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீங்க அதுக்குத் தண்ணி ஊத்தியிருப்பீங்களா?" என்று கேட்டீர்கள்.

நான் கோபித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துச் சமாதானம் ஆகி, கத்தரிக்காய்க் கூட்டு வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பியபோது செல்வராசு எதிரே வந்தான். தூக்குச்சட்டி கையில் இருந்தது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நீங்கள் கேட்டு நான் பதில் சொல்லாமல் வந்த ஒரே கேள்வி அது. தண்ணீர் ஊற்றியிருப்பேனா?

ஊற்றியிருக்க மாட்டேன், சம்பந்தி. காட்டு மரத்துக்கு எதற்கு என்று கேட்டிருப்பேன்.

இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன். பெரார்கஞ்சுச் சம்பந்தியம்மாள் போன வாரம் வீடு பார்க்க வந்தாள். பந்தக்காலுக்கு அவள் பிறந்த திருநெல்வேலிச் சீமையிலிருந்து கம்பு வரவழைக்க வேண்டுமாம். இப்போது விமானம் விட்டிருக்கிறார்களே, அதில் வந்துவிடுமாம். கரையில் நிற்கிற மரத்தைக் காட்டினேன். "அது காட்டு மரம்லா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதோடு விட்டாளா? பந்தலில் உட்கார்ந்தால் கடல் தெரிய வேண்டுமாம், அந்தப் புதரில் இரண்டு வண்டி அகலத்துக்கு வெட்டிவிட்டால் காற்றும் வரும் என்றாள். செல்வராசு மாப்பிள்ளை வீட்டுப் பேச்சுக்கு என்ன சொல்வது என்று தலையைச் சொறிகிறான். முத்துமாரி அவனோடு பேசுவதில்லை. இத்தனை வருஷம் கழித்துப் பன்னிரண்டாவது பெரிய சண்டை.

அந்த அம்மாளிடம் நான் எதைச் சொல்லித் தடுப்பது? கடல் தெரிந்தால் நல்லதில்லை என்றால் கேட்பாளா? நான் கேட்டேனா? உண்மையைச் சொன்னால் கேட்பாள். உண்மையைச் சொன்னால் என் கமுதிப் பெருமை போய்விடும். அண்ணனுக்கு எண்பது வயசாகிறது, மலர் அவருக்கும் தபாலில் போகும். நாலு நாள் இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகையால், பெரார்கஞ்சுச் சம்பந்தியம்மாள் உட்பட எட்டிப் பார்த்துப் படிக்கிற எல்லோருக்கும்: என் மகள் கல்யாணத்தில் துளிர்த்தது கமுதிக் கம்பு அல்ல. அதில் நான் குளித்துவிட்டேன். துளிர்த்தது வண்டூர்க் கரையில் தானாக முளைத்த மரம். அண்ணனும் என்னை மன்னிக்க வேண்டும். அவர் அப்போதே கேட்டார், அங்கே மரம் கிடையாதா என்று. இருந்தது, அண்ணே. எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது உங்களுக்கு என் வாக்கு. சாந்தியின் பந்தக்காலை நீங்கள் மாற்றி வைத்த அந்த மரத்திலிருந்தே வெட்டுவேன். யார் கேட்டாலும் ஊர் வண்டூர் என்று என் வாயால் சொல்வேன். போன மழையில் ஓடை முகத்தில் இரண்டு புன்னை சாய்ந்து ஒரு சந்து விழுந்திருக்கிறது. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அந்தக் கம்பை அங்கே ஊன்றுவேன். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால், நீங்கள் சொன்ன வரிசை மாறாமல் சுற்றிலும் நடுவேன். துளிர்க்காவிட்டால் ஏழாம் நாள் மாற்றி வைப்பேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். காய்ந்ததை அந்த அம்மாளுக்கு வெந்நீர் போட எடுத்து வைப்பேன்.

இன்னொன்று. பால்பவுடர் மூடி ஒன்றைத் தேடி எடுத்து நேற்று சுண்ணாம்பில் எழுதி, நம் மரத்தில் கட்டியிருக்கிறேன். தைலம்மை, பேச்சியம்மாள் என்று. அந்தப் பாபு மறுபடி வந்து இது என்ன ஜோடி என்று கேட்டால், கல்யாணம் நடக்காமலே பதினெட்டு வருஷம் சண்டை போட்ட ஜோடி என்று சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பேரில் எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. கண்ணாடி மங்கல்.

உங்கள் வெந்நீரில் குளித்த,
சம்பந்தி பேச்சியம்மாள்
(ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி)
வண்டூர்